கன்னம் பதிந்த இடம்

தேர்தல் அறிவித்ததும் எங்கள் வீட்டிலிருந்து முதலில் கிளம்புவது துப்பாக்கிதான். உரிமம் உள்ள துப்பாக்கிகளை எல்லாம் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். சுண்ணாம்புக்குளத்துப் பக்கம் நெல் போடுகிறவர்கள் நாங்கள். பன்றியை விரட்ட வெற்று வேட்டுப் போட்டதைத் தவிர அது ஒரு பாவமும் அறியாது. நைனா இறந்து, உரிமம் அண்ணன் பேருக்கு மாறிய பிறகு வந்த முதல் தேர்தல் முடிந்து அது வீடு திரும்பியபோது, நிலையத்தில் கிடந்து ஏரிக்காற்றின் ஈரம் ஏறி, அதன் மரக்கட்டை முழுக்கப் பூசணம் பூத்திருந்தது.

அண்ணன் உப்புத்தாள் போட்டுச் சுரண்டினான். எண்ணெய் தேய்க்கிற வேலையை நான் பிடுங்கிக்கொண்டேன். நைனா இருந்தவரை என்னை அதைத் தொடவே விட்டதில்லை; அந்த வீம்பு எனக்கு. ஆளிவிதை எண்ணெயில் சில சொட்டுகளை உள்ளங்கையில் விட்டு, கை சுடச்சுடத் தேய்க்க வேண்டும். காயவிட்டு மறுபடியும் தேய்க்க வேண்டும். கட்டை மெல்ல மெல்லப் புளியங்கொட்டை நிறத்துக்கு வந்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

ஒரே ஒரு இடம் மட்டும் அடம்பிடித்தது. வெற்று வேட்டுக்கும் நைனா குறிபார்த்துக் கன்னத்தைப் பதிக்கிற இடம் அது. தலைக்கு எண்ணெய் வைக்காமல் வாசல் தாண்டமாட்டார். அவர் கன்னத்தில் வழிந்ததெல்லாம் பல வருஷமாக அங்கே ஊறிக்கிடந்தது. அதன்மேல் என் எண்ணெய் காயவே இல்லை, பிசுபிசுத்தது.

"அந்த எடத்த ஆழமா சீவி எடுத்தாதான் சரியாவும்," என்றான் அண்ணன். "இல்லன்னா தூசி ஒட்டிக்கினு அசிங்கமா கீதுனு நாலு பேர் சிரிப்பாங்க."

"ஆமா, உன் மூஞ்சி மட்டும் ரொம்ப அழகா கீது பாரு."

வாய்தான் அப்படிச் சொன்னது. அவன் சொன்னது சரி என்று எனக்கும் தெரியும். அதனாலேயே கோபம் வந்தது. உப்புத்தாளும் கையுமாக அவன் காத்திருக்க, கடைசியாக ஒரு தடவை என்று அந்த இடத்தை மட்டும் வெறிகொண்டு தேய்த்தேன். கட்டை சூடேறியது. அதிலிருந்து வாசனை கிளம்பியது. அம்மா கரிசலாங்கண்ணி போட்டுக் காய்ச்சுகிற தலை எண்ணெய் வாசனை. நைனா போன பிறகு அவள் அதைக் காய்ச்சுவதையே விட்டுவிட்டாள்.

அம்மா அடுப்படியிலிருந்து வேகமாக வந்தாள். எங்களைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. பிறகுதான் என் கையைப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"போதும்மா, தேய்க்காத," என்றாள். "தீந்துடப் போவுது."

அண்ணன் உப்புத்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.