இடது தோளில் பட்ட முழங்கை

கார்பைன் என்பது நீளம் குறைந்த துப்பாக்கி. வெட்டவெளியில் தூரத்து ஆளைச் சுட அது அவ்வளவாகத் தோதுப்படாது. வீட்டுக்குள், குறுகலான நடையில், மாடிப்படித் திருப்பத்தில் புகுந்து போக அதை மிஞ்ச ஒன்று கிடையாது. குழாய்க்கு அடியில் ஒரு டார்ச், மேலே சிவப்புப் புள்ளி காட்டும் குறிக்கண்ணாடி, உடம்போடு மாட்டிக்கொள்ள ஸ்லிங் என்கிற பட்டை வார். டார்ச்சையும் கண்ணாடியையும் சாமி படம் மாதிரித் துடைத்து வைப்போம். ஸ்லிங்கை யாரும் மதிப்பதில்லை. வார்தானே என்று விட்டுவிடுவோம். நானும் விட்டேன்.

ராணுவத்திலிருந்து வந்தபின் நாமக்கல்லுக்கு வெளியே, லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் கேட் காவலாக இருக்கிறேன். டீ நேரத்தில் வெல்டிங்காரர்கள் சண்டைக் கதை கேட்பார்கள். பனியைப் பற்றி மட்டும் சொல்வேன்.

அறைக்குள் நுழைவதற்கு எங்களுக்கு ஒரு முறை உண்டு. வாசல் ஓரமாக ஒருவர் பின் ஒருவராக ஒட்டி நிற்போம். பேச்சு கிடையாது. பின்னால் நிற்பவன் தயாரானதும் முன்னால் நிற்பவனின் இடது தோளைத் தொட்டு அழுத்துவான். தோளில் பட்டதும் போக வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. பயிற்சியில் திரும்பிப் பார்த்தவர்கள் வாங்கிய தண்டனை கொஞ்சமல்ல.

அன்றைக்கு என் முன்னால் நின்றவன் கெங்கவல்லிக்காரன். பக்கத்து மாவட்டம் என்பதாலேயே அங்கே எனக்குக் கூடப் பிறந்தவன் மாதிரி. வடக்கே எல்லையோரத்தில், தீவிரவாதிகள் பதுங்கியிருந்த ஒரு வீடு. தடித்த குளிர்க்கோட்டுக்காக ஸ்லிங்கைத் தளர்த்தி வைத்திருந்தேன். நடைக்குள் வந்ததும் கோட்டைக் கழற்றிப் போட்டேன், வாரை இறுக்க மறந்தேன். கொக்கியைப் பிடித்து இழுத்தால் இரண்டு நொடி வேலை. அறை வாசலில் துப்பாக்கியை இடது தோளுக்கு மாற்றும்போது, தொங்கிய வார் தோட்டாப் பையில் மாட்டிக்கொண்டது. வெடுக்கென்று இழுத்தேன். முழங்கை அவன் தோளில் இடித்தது. அதைச் சைகை என்று எடுத்துக்கொண்டு அவன் உள்ளே போய்விட்டான். நான் வாரை விடுவித்துக்கொண்டு உள்ளே போனபோது குண்டு பட்டுத் தரையில் கிடந்தான்.

விசாரணையில், சைகைக்கு முன்பே போய்விட்டான் என்று சொன்னேன். சைகை நான் கொடுக்கவில்லையே, அதனால் பொய்யில்லை என்று எனக்கு நானே வக்கீலாக வாதாடிக்கொண்டேன். அவன் வீட்டுக்கும் அந்தச் சேதிதான் போனது.

வருஷா வருஷம் திதிக்கு மாலையோடு கெங்கவல்லி போவேன். அவனுடைய அப்பா மரவள்ளி போடுகிற விவசாயி. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார், சின்ன வயசிலிருந்தே அவனுக்குப் பொறுமை கிடையாது என்பார். படத்தைப் பார்த்துத் திட்டுவார். அவன் அம்மாவும் சேர்ந்துகொள்வார். நான் இலை முன்னால் உட்கார்ந்து தலையாட்டுவேன். மூன்று வருஷத்துக்கு முன் அந்த அம்மாவும் போய்ச் சேர்ந்தார்.

இந்த வருஷம் போனபோது அவன் அப்பா கிழங்கு பிடுங்கிய காட்டில், அடுத்த நடவுக்கு மரவள்ளிக் குச்சி கட்டிக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து கட்டினேன்.

“இந்த வருஷம் திதி குடுக்கல தம்பி,” என்றார். “சொல்றதுக்கு முந்தி ஓடினவனுக்கு எதுக்கு திதி?”

கையிலிருந்த குச்சியைக் கீழே போட்டேன். இத்தனை வருஷம் மென்று முழுங்கியது வெளியே வந்துவிட்டது.

“அவன் அவசரப்படலீங்கப்பா. என் முழங்கை அவன் தோள்ல பட்டுருச்சுங்க. நான் போகச் சொன்னதா நெனச்சுட்டான். துப்பாக்கி வார இறுக்காம உட்டது நானுங்க.”

தோளைத் தொடும் முறையை விளக்கினேன். குச்சிக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்தால் தேவலை என்றும் இருந்தது.

“திரும்பிப் பாத்தானா?” என்று மட்டும் கேட்டார்.

“பாக்கலீங்க.”

மடியிலிருந்த குச்சிக் கட்டை வரப்பில் இறக்கி வைத்தார். பிறகு சொன்னார்: “அவங்க அம்மா சாவுற வரைக்கும் அவனத் திட்டிக்கிட்டேதான் இருந்தா. அவகிட்ட வந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல நீ?”

என் பயத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். செத்தவனின் பேரையும் சேர்த்துத்தான் கெடுக்கிறேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. நினைத்தால் என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அவர் தோள் துண்டால் மகனின் படத்தைத் துடைத்தார். நான் மாலையை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை. வெளியே போய், வேலியோரத்து அரளியில் நாலு பூப் பறித்து வந்து படத்தின் மேல் வைத்தார். மழை வரும்போல இருக்கிறது, பஸ்ஸைப் பிடி என்றார். மற்ற வருஷங்களில் வாசல் வரை வந்து, அடுத்த வருஷமும் வந்துவிடு தம்பி என்று சொல்லி அனுப்புவார். இந்தத் தடவை படத்துக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார்.