பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட நான்

கனடாவின் மொன்றியலில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலைச் சேர்ந்த யாராவது இறந்துபோனால் அவர்களைப் பற்றி எழுதுகிறவள் நான். மரண அறிவித்தல், முப்பத்தோராம் நாள் நினைவு மலர், அதன் கடைசிப் பக்கத்தில் வருகிற நன்றி நவிலல் எல்லாம் என் கைதான். மன்னாரிலிருந்து வந்து இங்கே குடியேறிய புதிதில் ஒரு வீட்டுக்கு உதவியாக எழுதிக் கொடுத்தேன். நன்றாக இருக்கிறதென்று அடுத்த வீடு கேட்டது. பிறகு அந்த வேலை என் தலையிலேயே விழுந்துவிட்டது. எழுதியதில் எங்கேயும் என் பெயர் இருக்காது. கீழே ‘குடும்பத்தினர்’ என்று இருக்கும். அதுதான் முறை, அதில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை என்று நெடுநாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பொய். குறை இருந்தது.

எனக்கு உயிரோடு இருப்பவர்களைப் பற்றி எழுத வேண்டும், அதை என் பெயரில் எழுத வேண்டும். லொங்குய்யில் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். செயின்ட்-மிஷேலில் மெட்ரோ ஏறி, வழியில் மாறி மாறி, ஆற்றுக்கு அடியால் போய் இறங்க வேண்டும். அந்தப் பயணத்தில் போனில் எழுதி எழுதிச் சேர்த்து வைத்திருந்தேன். பனிக்காலத்தில் எங்கள் வாசலில் குவிகிற சப்பாத்துகளைப் பற்றி ஒன்று. தெருமுனை டெப்பனர் கடையில் பால் வாங்கப் போய், எனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் கடைக்காரியோடு சண்டை பிடித்து, அவளே பிறகு எனக்குக் குடை தந்து அனுப்பியதைப் பற்றி ஒன்று. இவற்றை மாதம் ஒரு தடவை மின்னஞ்சலில் அனுப்புகிற ஒரு நியூஸ்லெட்டர். ஆசை அவ்வளவுதான். அதற்கென்று ஒரு தளத்தில் கணக்கும் திறந்துவிட்டேன். ஆனால் அனுப்புகிற பொத்தானுக்குக் கிட்டப் போவேன், திரும்பி வந்துவிடுவேன்.

இறந்தவர்களுக்கு எழுதுவதில் ஒரு வசதி இருந்தது. அழுகிற வீட்டில் யாரும் வசனம் சரியில்லை என்று சொல்ல மாட்டார்கள். சொந்தப் பெயரில் எழுதினால் அப்படி விடுவார்களா? இவள் என்ன படித்தவள், இவளுக்கு என்ன வந்தது, வேலைக்குப் போய் வந்தோமா சமைத்தோமா என்று இல்லாமல் என்ன கோதாரிக்கு இது என்பார்கள். ஒருவரும் சொல்வதற்கு முன்பே நானே எல்லாவற்றையும் எனக்குச் சொல்லி முடித்திருந்தேன்.

தைரியம் தேடித்தான் எங்கள் கோயில் தமிழ்ச் சங்கத்துச் செயலாளர் அண்ணையிடம் சிலதைக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையில் மன்றாட்டுகளையும் அறிவித்தல்களையும் வாசிக்கிறவர் அவர். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் போனில் பொறுமையாக வாசித்தார்.

“நல்லாத்தான் இருக்கு, தங்கச்சி. ஆனா செத்தவீடெண்டாத்தானே எங்கட சனம் வாசிக்கும். சும்மா இருக்கிற ஆக்களைப் பற்றி எழுதினா ஆர் வாசிக்கப்போகினம்?”

“ஒருத்தரும் சும்மா இருக்கேல்லை, அண்ணை. எல்லாரும் வேலைக்குப் போகினம்.”

“நான் அதைச் சொல்லேல்லை. உம்மட பேரில போட்டா ஆக்கள் ஒருமாதிரிக் கதைப்பினம். சங்கத்தின்ர பேரில போடுவம். உமக்கும் அது பாதுகாப்பு.”

கோபத்தோடுதான் வீட்டுக்கு வந்தேன். ஆனால் கோபம் முழுக்க அவர்மேல் இல்லை. அவர் சொன்னதை எனக்குள் இருக்கிற ஒருத்தி அதற்கு முன்னமே சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது அவள் ‘பார்த்தியா’ என்று நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு ஒரு பாடம் படிப்பிக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கு முடிவெடுத்தேன்.

பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர் குடிக்கிற நேரத்தில் ஒவ்வொருவரிடமாகப் போய், மாதத்துக்கு ஒரு மெயில் போடட்டோ என்று கேட்டேன். வடையை வாயில் வைத்துக்கொண்டே ஓம் ஓம், போடுங்கோ என்றார்கள். எல்லோருடைய முகவரியும் நினைவு மலர் வேலைகளால் ஏற்கெனவே என்னிடம் இருந்தது. அதுவரை அவர்களுக்கு என்னிடமிருந்து போன மின்னஞ்சல்கள் எல்லாம் ஒரே வகை. யாரோ இறந்திருப்பார்கள். அதை நான் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும்.

எல்லாம் தயாரானபோது ஓர் இடத்தில் இடறியது. என்னைப் பற்றி நாலு வரி எழுதச் சொல்லி அந்தத் தளம் கேட்டது. பலரின் முழு வாழ்க்கையையும் எழுதினவளுக்குத் தன்னைப் பற்றி ஒரு வரி வரவில்லை. எழுதுவேன், அழிப்பேன். ஒரு ஞாயிறு காலை கணவர் வேலைக்குப் போன பிறகு, தேத்தண்ணியும் கையுமாக உட்கார்ந்தவளுக்குத் தன்பாட்டில் வந்தது: ‘மன்னாரைப் பிறப்பிடமாகவும் மொன்றியலை வதிவிடமாகவும் கொண்ட நான்’. ஒரு மனிதரை அறிமுகம் செய்ய எனக்குக் கை பழகிய வழி அது ஒன்றுதான். எழுதிப் பார்க்க நன்றாகவே இருந்தது, கம்பீரமாகக்கூட இருந்தது. அதை மேலே போட்டு, அதற்கும் மேலே ஒரு கல்யாண வீட்டில் சேலையோடு எடுத்த என் படத்தைப் போட்டேன். இனி ஒளிப்பதில்லை என்று தலைப்பில் என் பெயரை மட்டும் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினேன். அனுப்பின கையோடு பயம் பிடித்து, யாரும் எதுவும் சொல்லிவிடக்கூடாதென்று போனை நிறுத்திக் கைப்பையின் அடியில் போட்டேன்.

பின்னேரப் பூசைக்குப் பஸ் பிந்தியது. நான் போனபோது பிரசங்கம் முடிகிற நேரம். சத்தமில்லாமல் கடைசி வாங்கில் உட்கார்ந்தேன். அண்ணை மன்றாட்டு வாசிக்க வந்தார். திருச்சபைக்காக, நோயாளிகளுக்காக, பிறகு இறந்த ஆன்மாக்களுக்காக. “இன்று எம்மைவிட்டுப் பிரிந்து இறைவனடி சேர்ந்த எமது அன்புச் சகோதரி” என்று சொல்லி, என் பெயரை வாசித்தார். முழுப் பெயர், தகப்பன் பெயரோடு. சும்மா சொல்லக்கூடாது, அவருடைய குரல் உண்மையிலேயே தழுதழுத்தது. “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்று எல்லோரோடும் சேர்ந்து பழக்கதோஷத்தில் நானும் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் காதில் விழுந்தது எனக்கு உறைத்தது.

எழுந்து நின்றேன். வேறு என்ன செய்வது?

“அண்ணை, நான் இருக்கிறன்.”

கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பூசை வைத்த சுவாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார். அண்ணையின் முகத்தில் ஈயாடவில்லை. யாரோ ஒரு குழந்தை சிரித்தது, அதற்குப் பிறகு பூசை எப்படி முடிந்ததென்று எனக்குத் தெரியாது.

மண்டபத்தில்தான் நடந்தது விளங்கியது. ஒருவர் தன் போனைக் காட்டினார். என்னிடமிருந்து மெயில், தலைப்பில் என் பெயர், அதற்குக் கீழே ‘மன்னாரைப் பிறப்பிடமாகவும் மொன்றியலை வதிவிடமாகவும் கொண்ட’ வரைக்கும்தான் திரையில் தெரிந்தது. மிச்சத்தைத் திறந்து வாசிக்க யாருக்கும் அவசியம் இருக்கவில்லை. மரண அறிவித்தல்கள் எல்லாம் தொடங்குகிற அந்த வசனம் எப்படி முடியும் என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியாதா? சிலர் திறந்து என் படத்தைப் பார்த்ததும் அழுது, அத்தோடு மூடிவிட்டார்கள். அண்ணை உறுதிப்படுத்துவதற்கு எனக்குப் போன் அடித்திருக்கிறார், அது நிறுத்தியிருக்கிறது. கணவருக்கு அடித்திருக்கிறார், அவர் வேலையில் எடுக்கவில்லை. செத்தவீட்டில் போன் எடுக்க மாட்டார்கள்தானே என்று நினைத்துவிட்டார்.

வெட்கத்தில் உடம்பு கூசியது. அண்ணை என்னை ஓர் ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

“நான் அப்பவே சொன்னனான், தங்கச்சி. இப்ப ஒரு மன்னிப்பு மெயில் போட்டுவிடும். பேந்து சங்கத்தின்ர பேரில செய்வம். உம்மட படமும் பேரும் வேண்டாம். சரியோ?”

உண்மையைச் சொன்னால், சரி என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். பெயரைக் கொடுத்துவிட்டால் இந்த வெட்கமும் போய்விடும் என்று இருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் ஓர் அக்கா வந்து என் கையைப் பிடித்தார். கணவரை இழந்தவர். அவருடைய கணவருக்கான நினைவு மலரை நான்தான் எழுதியிருந்தேன். அழுது முகம் வீங்கியிருந்தது.

“நான் பஸ்ஸில வரேக்க என்ன யோசிச்சுக்கொண்டு வந்தனான் தெரியுமே? உமக்கு மலர் எழுதிறதுக்கு ஆரைப் பிடிக்கிறதெண்டு யோசிச்சனான். எவ்வளவு யோசிச்சும் உம்மைத் தவிர எழுதக்கூடிய ஆக்கள் ஒருத்தரும் ஞாபகத்துக்கு வரேல்லை.”

அண்ணைக்குச் சரி சொல்லத் திறந்த வாயை மூடிக்கொண்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டு வாசலில், செய்தி கேள்விப்பட்டு ரொக்ஸ்பரோவிலிருந்து வந்த மச்சாள், என் கணவரின் தங்கை, சாப்பாட்டுச் சட்டியோடு நின்றிருந்தார். செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாதென்று சமைத்துக்கொண்டு வந்திருக்கிறார். என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்து அழுதார். அழுது முடிய ஏச்சு விழுந்தது.

“போனை ஏன் நிப்பாட்டினனீங்கள்? நான் அழுதழுது புட்டு அவிச்சனான். உங்களுக்கு விசரோ?”

“உள்ளுக்கு வாங்கோ மச்சாள், சாப்பிடுவம். நல்ல பசி,” என்றேன். என் செத்தவீட்டுப் புட்டை நானே மீன் குழம்போடு சாப்பிட்டேன். கணவர் வந்து கதையைக் கேட்டுச் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறி, கடைசியில் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “அந்த முதல் வசனத்தைத் தூக்கிவிடும்,” என்று மட்டும் பிறகு சொன்னார்.

அடுத்த நாள் வேலையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அண்ணைக்குப் போன் அடித்தேன்.

“அண்ணை, என்ர பேரைச் செத்த ஆக்களோட வாசிச்சனீங்கள். வாற ஞாயிறு உயிரோட இருக்கிற ஆக்களோட வாசிக்கவேணும்.”

“அதென்னெண்டு வாசிக்கிறது?”

“அறிவித்தலில. என்ர மெயில் மாதமொருக்கா வரும், விருப்பமான ஆக்கள் வாசிக்கலாம் எண்டு. சங்கத்தின்ர பேர் வேண்டாம். என்ர பேரில.”

“கோவமோ, தங்கச்சி?”

“ஓம் அண்ணை, கோவம்தான்.”

“அது அவசரத்தில நடந்துபோச்சு.”

“அவசரத்தில சாக்காட்ட ஏலுமெண்டா, ஆறுதலா எழுப்பிவிடவும் ஏலும்தானே.”

அவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை, எனக்கு அவரிடமிருந்து ஓம் என்ற சொல் வேண்டியிருந்தது. சொன்னார்.

மாதத்துக்கு ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் மாதம் முடியும்வரை விட்டால் எனக்குள் இருக்கிற அந்த ஒருத்தி திரும்ப எழும்பிவிடுவாள். அந்தக் கிழமையே மெட்ரோவில் போய்வரும்போது இரண்டாவது மடலை எழுதி முடித்தேன். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. முதல் வசனத்தைத் தூக்கவும் இல்லை. ‘நான் உயிரோடு இருக்கிறேன்’ என்று தலைப்பிட்டு, ‘மன்னாரைப் பிறப்பிடமாகவும் மொன்றியலை வதிவிடமாகவும் கொண்ட நான், நேற்றுக் காலை மெட்ரோவைத் தவறவிட்டு வேலைக்குப் பிந்திப் போனேன்’ என்று தொடங்கினேன். பிறகு பூசையில் நடந்ததையும் புட்டையும் ஒன்றும் விடாமல் எழுதினேன். கண்ணை மூடாமலே அனுப்பினேன். இந்த முறை போனை நிறுத்தாமல் மேசையில் முன்னால் வைத்துக்கொண்டு இருந்தேன். வாசித்தோம் என்று சிலர் எழுதினார்கள். பட்டியலிலிருந்து தன்னை எடுத்துவிடச் சொல்லி ஒருவர் எழுதினார், எடுத்துவிட்டேன்.

ஞாயிறு அண்ணை அறிவித்தல் வாசித்தார். என் பெயரைச் சொன்னதும் கோயிலில் ஒரு சலசலப்பு. அவர் தலையை நிமிர்த்தி, “இருக்கிறா,” என்று தன்பாட்டில் சேர்த்துக்கொண்டார். முன்னால் இருக்கிறவர்களுக்கும் தெரியட்டும் என்று நான் எழுந்து நின்றேன். யாரும் கேட்காமலே நின்றேன்.

பூசை முடிந்து சனம் வெளியே போகும்போது அந்த அக்கா என் வாங்கில் வந்து பக்கத்தில் இருந்தார்.

“என்ரையும் எழுதவேணும், தங்கச்சி.”

“ஐயோ அக்கா, உங்களுக்கு இப்ப ஒண்டும் வராது. ஏன் அந்தக் கதை?”

“செத்த பிறகில்லை. இப்ப. அவருக்கு நீர் எவ்வளவு வடிவா எழுதினனீர், அவர் அதை வாசிக்கேல்லையே. நானாவது வாசிக்கவேணும்.”

எங்கே பிறந்தீர்கள் என்று கேட்டேன். சொன்னார். அந்த வாங்கிலேயே போனை எடுத்து எழுதத் தொடங்கினேன்.