ஒரு புட்டி கிணற்றுத் தண்ணீர்

இளநிலை முதல் வருடத்தில், சிதம்பரத்தில், எங்களுக்கு வைத்த முதல் செய்முறை வகுப்பு மிக எளிதாக இருந்தது. கண்ணாடித் தட்டில் உறைந்திருந்த அகார் கூழின் மேல் விரலை அழுத்த வேண்டும். ஒரு பாதியில் கழுவாத விரல், மறு பாதியில் சோப்புப் போட்டுக் கழுவிய விரல். தட்டை மூடி, அடியில் பெயர் எழுதி, உடல் சூட்டிலேயே வைத்திருக்கும் இன்குபேட்டர் பெட்டிக்குள் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனோம். மறுநாள் திறந்தால் விரல் பட்ட இடமெல்லாம் வெள்ளையும் மஞ்சளுமாகப் புள்ளிகள். ஒரு பாக்டீரியா விழுந்த இடத்தில் அது இரண்டாகி, நான்காகி, எட்டாகி, கண்ணுக்குத் தெரியும் கூட்டமாகியிருந்தது. என் தட்டில் கழுவிய விரலின் பக்கம்தான் புள்ளிகள் அதிகம். கழுவும்போது தோலின் மடிப்புகளில் கிடப்பவை கிளம்பி மேலே வருகின்றன என்று ஆசிரியை சொன்னார்.

அன்று சிதம்பரத்திலிருந்து கடலூர் வரை பஸ்ஸில் கம்பியைத் தொடாமல், இரண்டு சீட்டுகளுக்கு நடுவில் இடுப்பை முட்டுக்கொடுத்து நின்றே வந்தேன்.

அந்தப் பயம் ஒரு மாதத்தில் போய்விட்டது. தயிரை உறைய வைப்பதும் இட்லி மாவைப் பொங்க வைப்பதும் இவைதான், பெரும்பாலானவை நம்மை ஒன்றும் செய்வதில்லை என்று படித்தோம். படித்ததை நோட்டில் வரிசை எண் போட்டு எழுதினேன். எண் போட்டு எழுதியதும் எதுவும் பாதி அடங்கிவிடும் என்று அப்போது நம்பினேன்.

முதுநிலை இரண்டாம் வருடத்தில், 2012 ஜனவரியில், அந்த நம்பிக்கை உடைந்தது.

புயல் அடித்துப் பத்து நாள் ஆகியிருந்தது. கடலூரில் எங்கள் தெருவுக்கு மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லாததால் குழாயில் தண்ணீர் இல்லை. தண்ணீர் லாரி பெரிய தெருவோடு திரும்பிவிடும். தெரு முனையில் ஒரு பழைய பொதுக்கிணறு இருந்தது. பல வருடமாகத் துணி துவைக்க மட்டும் பயன்பட்டது. புயல் மழையில் சாக்கடை நிரம்பி அதற்குள் வழிந்ததை எல்லோரும் பார்த்தோம். யாரோ வாசலில் தொங்கவிட்டிருந்த கிறிஸ்துமஸ் நட்சத்திரம் காகிதமெல்லாம் கிழிந்து, மூங்கில் சட்டமாக அந்தத் தண்ணீரில் மிதந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நகராட்சி ஆட்கள் வந்து பிளீச்சிங் பவுடரைக் கரைத்துக் கிணற்றில் ஊற்றிவிட்டுப் போனார்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா என்று கேட்க யாரும் இல்லை. அதனால் என்னைக் கேட்டார்கள்.

கேட்டது எதிர் வீட்டு அத்தை. அங்கன்வாடியில் சமைப்பவர், தெருவில் அவர் குரல்தான் முதலில் எழும்.

"நீ இதத்தானே படிக்கிற? கொண்டுபோயி பாத்துச் சொல்லேன். சும்மா புஸ்தகத்தத் தூக்கினு போயினு வரியே."

திங்கட்கிழமை காலை வாளியை விட்டுத் தண்ணீர் இறைத்து, சிதம்பரத்தில் எங்கள் நுண்ணுயிரியல் துறையிலிருந்து கொண்டு வந்திருந்த, கிருமி நீக்கிய புட்டியில் பிடித்தேன். கழுத்து வரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விட்டேன். மூடியின் உட்புறத்தை விரலால் தொடவில்லை. இடம், நேரம், இறைத்த ஆழம் மூன்றையும் ஒட்டுத்தாளில் எழுதினேன். ஏழு மணி பஸ் பிடித்தேன். வழியெங்கும் சவுக்கு மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. பஸ் ஊர்ந்துதான் போனது. துறையில் ஜெனரேட்டர் ஓடியது.

சோதனை இப்படி: ஒன்பது சோதனைக் குழாய்களில் ஊதா நிறத் திரவம். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சின்னக் குழாய் தலைகீழாக மூழ்கியிருக்கும். அவற்றில் தண்ணீரை அளந்து விட வேண்டும். மலத்தோடு வரும் பாக்டீரியா தண்ணீரில் இருந்தால் அது திரவத்திலுள்ள சர்க்கரையைத் தின்று, ஊதாவை மஞ்சளாக்கும். வெளிவிடும் வாயு சின்னக் குழாயின் உச்சியில் குமிழாகச் சேரும். நாற்பத்தெட்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

புதன்கிழமை ஒன்பது குழாய்களும் ஊதாவாகவே இருந்தன. ஒரு குமிழ் இல்லை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒவ்வொன்றாக இரண்டு முறை பார்த்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

அன்று மாலை தெருவில் சொன்னேன். அத்தை அடுப்புக் கரியை எடுத்து, கிணற்றின் கைப்பிடிச் சுவரில் பெரிய எழுத்தில் 'குடிக்கலாம்' என்று எழுதினார். அங்கன்வாடியில் டீச்சர் வராத நாளில் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டும் அதே உருண்டை எழுத்து.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். அண்ணன் மஸ்கட்டில் வேலை பார்த்தான். அண்ணி, அவள் ஒன்பது மாதக் குழந்தை, நான். சிலிண்டர் வரவில்லை, விறகெல்லாம் ஈரம். குழந்தைக்கு மட்டும் தண்ணீர் காய்ச்ச அண்ணி தினமும் தேங்காய் ஓட்டை ஊதி ஊதி எரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப பாப்பாவுக்கும் காய்ச்ச வேணாமா?" என்று கேட்டாள்.

"வேணாம் அண்ணி."

"நெஜமா?"

"ஒம்போது டியூப்லயும் ஒண்ணும் இல்ல அண்ணி. நானே பாத்தேன்."

வெள்ளிக்கிழமை துறையில் பழைய புட்டிகளைக் கழுவும் முறை எனக்கு வந்தது. கிணற்றுத் தண்ணீர் கால் புட்டி மிச்சம் இருந்தது. மூடியைத் திருகியதும் ஒரு வாடை மேலே வந்தது. பக்கத்தில் நின்ற என் தோழி, பரங்கிப்பேட்டைக்காரி, மூக்கைச் சுளித்தாள்.

"என்னடி, நீச்சல் குளத்துத் தண்ணியா?"

"எங்க தெரு கெணறு."

"பிளீச்சிங் வாட ஜாஸ்தியா இருக்கே. புட்டில தயோசல்பேட் போட்டுத்தானே புடிச்ச?"

நான் புட்டியின் அடியைப் பார்த்தேன்.

"ஏய். போட்டியா இல்லியா?"

போடவில்லை. குளோரின் கலந்த தண்ணீரைப் பிடிக்கும் புட்டியில் முன்கூட்டியே சில சொட்டு சோடியம் தயோசல்பேட் விட வேண்டும். அது குளோரினை அந்த நொடியே செயலிழக்கச் செய்யும். தண்ணீர் எடுத்தபோது என்ன உயிர் இருந்ததோ அது அப்படியே குழாய்க்கு வந்து சேரும். முதல் வருடப் பாடம் அது. ஆனால் நாங்கள் அதுவரை சோதித்ததெல்லாம் குளம், ஆறு, பிச்சாவரத்து உப்பங்கழி. எதிலும் குளோரின் கிடையாது. அதனால் எங்கள் அலமாரிப் புட்டிகள் எப்போதும் வெறும் புட்டிகள்தான். வேண்டும் என்கிறவர் கேட்டு வாங்க வேண்டும். நான் கேட்கவில்லை.

நடந்தது என்ன என்று அங்கேயே, தொட்டியின் முன் நின்றபடி புரிந்தது. நான் பிடித்த புட்டியில் குளோரின் மூடிக்குள் அடைபட்டு, பஸ் ஊர்ந்த நேரமெல்லாம் தன் வேலையைச் செய்திருக்கிறது. துறைக்கு வந்து சேர்ந்தது செத்த தண்ணீர். கிணற்றிலோ வெயில் பட்டு குளோரின் ஓரிரு நாளில் பறந்திருக்கும். சாக்கடையோ கசிவதை நிறுத்தவில்லை. நான் குடிக்கலாம் என்று சொன்ன புதன்கிழமை அந்தத் தண்ணீரில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவே தெரியாது.

அண்ணியின் போனுக்கு அடித்தேன். அணைந்திருந்தது. சார்ஜ் ஏற்ற மின்சாரம் ஏது? அத்தைக்கு அடித்தேன். அதுவும் அப்படியே.

"நான் கழுவிக்கிறேன், நீ ஓடு," என்று தோழி புட்டியை என் கையிலிருந்து பிடுங்கினாள்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. கை தானாக நோட்டைத் திறந்தது. கிருமி உள்ளே போய் நோய் வெளிப்பட ஆகும் காலத்தை எழுதினேன்: சீதபேதி, ஒன்று முதல் மூன்று நாள். காலரா, சில மணி நேரம் முதல் ஐந்து நாள். டைபாய்டு, ஒன்று முதல் மூன்று வாரம். பரீட்சையில் இந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவள் நான். குடிக்கத் தொடங்கி இன்றோடு இரண்டு நாள் என்று கீழே எழுதினேன். அடுத்து, தெருவில் கைக்குழந்தை உள்ள வீடுகளை எழுதத் தொடங்கினேன். முதல் வரியில் எங்கள் வீடு. அதற்கு மேல் பேனா நகரவில்லை. எண் போட்டால் அடங்கும் என்று நினைத்தது அன்று அடங்கவில்லை; ஒவ்வொரு எண்ணும் ஒரு முகமாக நின்றது. ஆலப்பாக்கம் தாண்டும்போது நோட்டை மூடிப் பைக்குள் வைத்தேன்.

தெரு முனையில் கிணறுதான் முதலில் வரும். அத்தை குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அத்த, கீழ ஊத்துங்க. குடிக்காதீங்க."

"என்னாடி?"

"நான் பாத்ததுல தப்பு இருக்கு. காய்ச்சாம யாரும் குடிக்கக் கூடாது."

அத்தை குடத்தை இறக்கவில்லை. "புதங்கெழம குடிக்கலாம்னே. வெள்ளிக்கெழம கூடாதுங்கற. நாளைக்கு வந்து குளிக்கவே கூடாதும்பியா? இதான் அஞ்சு வருசமா சொல்லிக் குடுத்தாங்களா அங்க?"

"தப்பு என்னுது அத்த. பிளீச்சிங் போட்ட தண்ணியப் புடிக்க புட்டியில ஒரு மருந்து விடணும். நான் மறந்துட்டேன்."

அவர் குடத்தை இறக்கி வைத்தார். குரலும் இறங்கியது.

"ஒனக்குச் சேதி தெரியாதா? உங்க வூட்டு பாப்பாவுக்குக் காலையிலேர்ந்து வயித்தால போவுது."

அங்கிருந்து வீடு ஆறு வாசல். ஓடியது நினைவில் இல்லை. அண்ணி கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்தாள். குழந்தை அவள் மடியில் துணி போலக் கிடந்தது. சுற்றிலும் அலசிப் பிழிந்த துணிகள்.

"அஞ்சு வாட்டி போயிடிச்சு," என்றாள். "பல்லு மொளைக்குதோ என்னவோ."

பல் என்று நானும் தலையாட்டியிருக்கலாம். அந்த எண்ணம் வந்தது. வந்ததற்காக இன்றும் கூசுகிறேன். சொன்னேன். புட்டி, குளோரின், போட மறந்தது எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். அண்ணி கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் குழந்தையின் நெற்றியைத் தடவிக்கொண்டு, "நெஜமான்னு கேட்டனே," என்று மட்டும் சொன்னாள்.

மிச்சமிருந்த தேங்காய் ஓட்டையெல்லாம் எரித்துத் தண்ணீர் கொதிக்க வைத்தோம். ஆற வைத்து, உப்பு சர்க்கரைப் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு லிட்டர் அளந்து கலந்தேன். அதைப் புகட்டியபடியே குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார், உச்சிக்குழியைத் தடவினார்.

"இன்னும் ஒண்ணும் மீறிப் போகல. தாய்ப்பால நிறுத்தாதீங்க. ஸ்பூன் ஸ்பூனா இதையும் குடுத்துக்கிட்டே இருங்க. ஒண்ணுக்குப் போகுதான்னு பாருங்க. நாலு மணி நேரத்துல போகலன்னா உடனே தூக்கிட்டு வாங்க."

வீட்டுக்கு வந்து குழந்தையை நான் மடியில் வாங்கிக்கொண்டேன். அண்ணி ஸ்பூனை என் கையில் கொடுத்தாள். ஒரு ஸ்பூன், கொஞ்சம் பொறுத்து இன்னொரு ஸ்பூன். நாக்கு வறண்டிருந்தது. கண் பாதி மூடியிருந்தது. இருபது நிமிடத்தில் ஒன்று இரண்டாகும் உயிரைப் பற்றிய கணக்குகள் எனக்கு மனப்பாடம். அந்த வேகத்துக்கு எதிராக என் கையில் இருந்தது ஒரு ஸ்பூன். நோட்டைத் திறக்கவே பயமாக இருந்தது. எங்கே நேரத்தைக் குறித்து, அது நான்கு மணி நேரத்தைத் தாண்டிவிட்டதைப் பார்த்துவிடுவேனோ என்று.

வாசல் வெயில் எதிர்ச் சுவருக்கு ஏறியிருந்தபோது என் மடி சூடாக நனைந்தது. முதலில் புரியவில்லை. பிறகு தொட்டுப் பார்த்தேன். வயிற்றுப்போக்கு இல்லை, சிறுநீர். "அண்ணி!" என்று கத்தினேன். அவள் பதறி ஓடி வந்து, என் பாவாடையைப் பார்த்து, அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். நானும்தான்.

குழந்தைக்கு மூன்றாம் நாள் சரியானது. கிணற்றுத் தண்ணீராலா, பல்லாலா என்று உறுதியாகச் சொல்ல என்னிடம் சான்று இல்லை. கிணறு என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

சனிக்கிழமை காலையிலேயே, சுவரில் இருந்ததை அழிக்க ஈரத் துணியோடு போனேன். எனக்கு முன்பே அத்தை வந்துவிட்டுப் போயிருந்தார். 'குடிக்கலாம்' அப்படியே இருந்தது. அதற்கு முன்னால், இடம் போதாமல் நெருக்கி, அதே உருண்டை எழுத்தில், 'காய்ச்சித்தான்' என்று எழுதியிருந்தது.

திங்கட்கிழமை ஆறரை மணிக்கு வேறொரு புட்டியோடு கிணற்றடியில் நின்றேன். அத்தை வாளியை இறக்கினார். பாதியில் கயிற்றைப் பிடித்து நிறுத்தினார்.

"அந்த மருந்து?"

புட்டியைச் சாய்த்து, அடியில் கிடந்த சில சொட்டுகளைக் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டுத்தான் கயிற்றை விட்டார்.

புதன்கிழமை ஒன்பது குழாய்களும் மஞ்சளாகியிருந்தன. ஒன்பதிலும் குமிழ்.