முந்நூற்றுப் பன்னிரண்டு டயான்கள்

வில்மா ஹூக்ஸ்ட்ராவின் மேல் பழி போட்டவனுக்கு வெட்கம் என்ற ஒன்று இருந்ததே இல்லை. மரச்சாமான் தொழிற்சாலையில் பதினோரு வருடம் கணினி அட்டைகளில் துளை போட்டவள் அவள். ஐம்பது வயதில் மாலைக் கல்லூரிக்குப் போய் சி என்ற கணினி மொழி கற்று, மிச்சிகனில் ஒரு சிற்றூரின் பள்ளி அலுவலகத்தில் புரோகிராமராகச் சேர்ந்தாள்.

பட்டமளிப்புச் சான்றிதழில் பெயர் அச்சிடும் புரோகிராம் அவள் எழுதியது. கோப்பிலிருந்து ஒவ்வொரு பெயரையும் ஒரு தற்காலிக இடத்தில் படிக்கும். நீளத்தை அளந்து, முடிவைக் காட்டும் பூஜ்யத்துக்காக ஒன்று கூட்டி, அந்தப் பெயருக்கென்றே மெமரியில் தனி இடம் கேட்டு வாங்கி, அங்கே நகலெடுக்கும். பட்டியலில் இருப்பது அந்த இடங்களின் முகவரிகள் மட்டுமே. அச்சு முடிந்ததும் ஒவ்வோர் இடத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடைசியில் பட்டியலையும் கொடுத்துவிடும்.

1991 மே மாதம் அவள் ஒரு வாரம் விடுப்பில் போனாள். மேலாளன் கிரெய்க் டன்ஹம், பெயருக்கொரு தனி இடம் எதற்கு, வீண் என்று அந்த வரிகளை வெட்டினான். தற்காலிக இடத்தின் முகவரியையே பட்டியல் முழுக்கப் போட்டான். தன் பெயர் ஒன்றை மட்டும் கொடுத்துச் சோதித்தான். சரியாக வந்துவிட்டது, பெரிய மேதை! ஒரே பலகையில் அழித்து அழித்து எழுதினால் கடைசியாக எழுதியதுதானே மிஞ்சும்? வரிசையில் கடைசி மாணவி டயான் ஜில்ஸ்ட்ரா. முந்நூற்றுப் பன்னிரண்டு சான்றிதழிலும் அவள் பெயர்தான்.

வில்மா விடுப்பு முடிந்து திரும்பியபோது விழாவுக்கு இரண்டே நாள். புரோகிராம் வில்மாவுடையது என்று பள்ளி வாரியத்திடம் கூசாமல் சொன்னான் கிரெய்க். தவறு தன்னுடையது என்று அவள் கையெழுத்துப் போட வாரியத்திலிருந்து ஒரு கடிதமும் வந்தது. போட்டால் பணிக்கோப்பில் ஏறிவிடும், அதுவும் ஓய்வுக்கு மூன்று வருடம் இருக்கையில். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதைதான்.

அவள் கையெழுத்துப் போடவில்லை. பிள்ளைகளுக்குச் சான்றிதழ் வேண்டுமே என்று வெட்டிய வரிகளை முதலில் திரும்ப எழுதினாள். மாலைக்குள் எல்லாம் அவரவர் பெயரில் அச்சாகிவிட்டன. பிறகு புரோகிராமின் தலையில் மூன்று வரிக் குறிப்பு ஒன்று சேர்த்தாள்: யார், எந்தத் தேதியில், எந்த வரிகளை எடுத்தது, என்ன ஆயிற்று. அதன் பிரதியை, கையெழுத்துப் போடாத அந்தக் கடிதத்தோடு வாரியத்துக்கு அனுப்பினாள்.

மறுநாள் கிரெய்க் அவள் மேசைக்கு வந்து நின்றான்.

"வில்மா, அந்தக் குறிப்பை எடுத்துடுங்களேன். சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு எதுக்கு?"

"அது மெமரில ஒரு எழுத்து இடம்கூட எடுக்காது, கிரெய்க். மெஷினுக்கு அது போறதே இல்ல. மனுஷங்க படிக்கத்தான் எழுதியிருக்கேன்."