நோர்வேக்காரரின் மூன்று ஞாயிறுகள்

எங்கள் வீட்டில் பொய் சொல்லி அதிகம் அகப்பட்டவள் நான்தான். பெரும்பாலான பொய்கள் ஒரு குட்டோடு முடிந்துபோயின. ஒன்று மட்டும் இன்னும் முடியவில்லை.

அம்மாவின் தம்பி, என் மாமா, புதுக்கடை நீதிமன்றத்தில் எழுதுவினைஞர். கலியாணம் கட்டாமல் கொழும்பு வெள்ளவத்தையில் எங்களோடு இருந்தார். உள்நாட்டுச் சண்டை முடிந்து சில வருடங்களில் சோதனை எழுதி, வீட்டிலிருந்தே வானலையில் பிறநாட்டாரோடு கதைக்கிற அமெச்சூர் வானொலிக்கு லைசென்ஸ் எடுத்தார். மொட்டைமாடியில் செம்புக் கம்பியைக் கட்டியதும் முதலில் அயலவர்கள் விசாரித்தார்கள், பிறகு பொலிஸ் விசாரித்தது. தமிழன் கூரையில் கம்பி கட்டினால் சும்மா விடுவார்களா என்று அம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். மாமா லைசென்ஸைச் சட்டம் போட்டு வாசலிலேயே மாட்டினார். அதன் பிறகு கம்பிக்கு இருந்த ஒரே எதிரி கடற்காற்றின் உப்புத்தான்.

இவ்வளவு பாடுபட்டு அவர் கதைத்தது என்ன? ஞாயிறுதோறும் மாலை ஐந்து மணிக்கு நோர்வேயிலிருந்து ஒரு கிழவர் கூப்பிடுவார். கப்பலில் வானொலி அதிகாரியாக இருந்தவர், மனைவியை இழந்தவர். இரைச்சலுக்குள்ளிருந்து வானலையில் மாமாவின் பெயரான அழைப்புக்குறியை எழுத்தெழுத்தாகச் சொல்வார். மாமா பதில் சொல்வார். அங்கே பனியா, இங்கே மழையா, மத்தியானம் என்ன சாப்பாடு. அவ்வளவுதான். காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் கதைக்கிற கதைக்கு இத்தனை கடல் தாண்ட வேண்டுமா என்று நான் கேலி செய்வேன். மாமா சிரித்துக்கொள்வார்.

எனக்குப் பத்து வயதில் மாமாவுக்கு அடிக்கடி நெஞ்சுவலி வந்து, பொரளையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டியதாயிற்று. புறப்படுமுன் என்னைக் கருவிக்கு முன்னால் இருத்தினார். லைசென்ஸ் இல்லாததால் நான் பேசும் பொத்தானைத் தொடக்கூடாது. கிழவர் கூப்பிட்டால் நேரத்தையும், தெளிவுக்கும் பலத்துக்குமான இரண்டு எண்களையும் பதிவுப் புத்தகத்தில் எழுதவேண்டும். அதைப் பார்த்து மாமா அவருக்குக் கடிதம் போடுவார்.

"ஒண்டு மட்டும், பிள்ளை. கேட்ட நேரத்திலைதான் எழுதவேணும். பிறகு யோசிச்சு எழுதக்கூடாது."

முதல் ஞாயிறு கிழவர் கூப்பிட்டார். அதே நேரம் கீழ்மாடிச் சிநேகிதிக்குப் பிறந்தநாள். கேக் வெட்டப் போகிறோம் என்று அவள் படிக்கட்டில் நின்று கத்தினாள். பேனையைப் போட்டுவிட்டு ஓடினேன். திரும்பி வந்தபோது வெறும் இரைச்சல்தான். எழுதலாம் என்று புத்தகத்தைத் திறந்தேன். மாமாவின் விதி ஞாபகம் வந்தது. அந்த விதியை மீற எனக்குப் பயமாக இருந்தது. பொய் சொல்ல அவ்வளவு பயம் இருக்கவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து "கிழவர் வந்தவரோ?" என்று மாமா கேட்டார். "இல்லை, வரேல்லை" என்றேன்.

இரண்டாம் ஞாயிறு, போன கிழமையும் கூப்பிட்டேன், பதில் இல்லை என்று கிழவர் ஆங்கிலத்தில் சொல்வது கேட்டது. இதை எழுதினால் என் குட்டு வெளிப்பட்டுவிடும். கருவியை நிறுத்தினேன். மூன்றாம் ஞாயிறு அதைப் போடவேயில்லை. ஒரு கிழமையில் வருவேன் என்று போன மாமாவுக்கு மூன்று கிழமையாகிவிட்டது. மூன்றாவது தடவையும் நான் இல்லை என்றதும், "மனுசன் போய்ச் சேர்ந்திட்டுது போலை" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மாமா வீட்டுக்கு வந்து பத்து நாளில் நோர்வேயிலிருந்து ஓர் அட்டை வந்தது. வானொலியில் சந்தித்தவர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பும் அட்டை. மூன்று ஞாயிறும் கூப்பிட்டேன், விடைபெறத்தான், என்று கிழவர் எழுதியிருந்தார். வீட்டை விற்றாயிற்று. இனி முதியோர் இல்லம், அங்கே கம்பி கட்ட விடமாட்டார்கள். நீங்கள் சுகமாக இருக்கவேண்டும். புதிய விலாசம் எழுதியிருக்கவில்லை.

மாமா இரண்டு தரம் வாசித்தார். என்னைக் கூப்பிட்டார். அவர் கேட்குமுன்பே அழுது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். குட்டு விழும் என்று தலையைக் குனிந்து நின்றேன். விழவில்லை.

"அவரின்ரை குரல் எப்பிடி இருந்தது?" என்று கேட்டார்.

எழுதாததை வாயாலாவது சொல்லிப் பிழையைத் திருத்திவிடலாம் என்று எனக்குச் சந்தோசம்.

"ஐஞ்சு, ஒன்பது."

தெளிவுக்கு ஐந்துக்கு மேலும் பலத்துக்கு ஒன்பதுக்கு மேலும் எண் இல்லை. கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னேன். மாமா என்னைப் பார்த்தார்.

"அதில்லை, பிள்ளை" என்றார். பிறகு அதைப்பற்றி ஒருநாளும் கேட்கவில்லை.

பழைய விலாசத்துக்கு இரண்டு கடிதம் போட்டார். பதில் வரவில்லை. மாமா காலமாகி இப்போது நாலு வருடம். அவர் என்ன கேட்டார் என்று எனக்கு இன்றைக்கு விளங்குகிறது. கிழவர் களைத்திருந்தாரா, பயந்திருந்தாரா, கோபித்துக்கொண்டாரா? அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் உலகத்தில் நான்தான். எத்தனையோ தரம் யோசித்துவிட்டேன், ஞாபகம் வருவதில்லை. இரண்டாம் ஞாயிறு அகப்படுவேனே என்ற பயம்தான் என் காதில் இருந்தது; முதல் ஞாயிறு அவர் கூப்பிட்டுக்கொண்டிருந்த நேரம் முழுக்க என் காது படிக்கட்டுப் பக்கமே இருந்தது.