என் பெண்ணுக்கு என்னைத் தெரியாதாம்!

போன ஞாயிற்றுக்கிழமை கோவளத்தில் என்னைப் பிள்ளை பிடிக்கிறவன் என்று பிடித்து வைத்துவிட்டார்கள்.

சிரிக்காதீர்கள். நடந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிடித்துக் கொடுத்தது யார் தெரியுமா? நான் பெற்ற பெண்.

எங்கள் உமாவுக்கு ஐந்து வயது. தாம்பரத்தில் எங்கள் காலனியில் முதன்முதலாக டி.வி. வாங்கியவர் பக்கத்து வீட்டு ஞானராஜ் சார். பள்ளிக்கூட வாத்தியார், தங்கமான மனுஷர். சென்னைக்கு டி.வி. வந்து நாலைந்து வருஷம்கூட ஆகவில்லை. ஆனால் சாயங்காலமானால் அவர் வீட்டு ஹாலில் பாய் போட்டு, காலனியே உட்கார்ந்திருக்கிறது. முதல் வரிசையில் உமா.

அந்தப் பெட்டியின் மேல் எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம்தான். காசு கேட்காமல், களைக்காமல், வீட்டுக்கே வந்து ஒருவன் பேசிக்கொண்டிருக்கிறான் என்றால் ஏதோ காரியம் இல்லாமல் இருக்குமா?

சந்தேகம் சீக்கிரமே நிரூபணமாயிற்று. ஒரு நாள் காலையில் இட்லி வைத்தால் உமா தோளைக் குலுக்கி, இரண்டு கையையும் விரித்து, “ஓ மை குட்னெஸ்!” என்றாள். மறுநாள் குளிக்கக் கூப்பிட்டதற்கு, “ஹௌ டேர் யூ!” வாரத்துக்கு ஒரு நாள் வரும் வெள்ளைக்காரத் துப்பறியும் சீரியலின் உபயம். வார்த்தைகளாவது தொலையட்டும்… அந்த உச்சரிப்பு! எல்லாம் மூக்கு வழியாக வரும். ‘வாட்டர்’ என்பதை ‘வாரர்’ என்பாள். எங்கள் பரம்பரையிலேயே யாரும் அப்படி நாக்கைச் சுழற்றியதில்லை.

“விடுங்களேன். கான்வென்ட் இன்டர்வியூவுக்கு உதவும்” என்றாள் என் மனைவி சரோஜா.

எனக்கு அவள் மேலும் சந்தேகம் வந்தது.

ஞானராஜ் சார் மேலும்தான். சீரியல் முடிந்ததும் அவர், “எங்கே உமா, அவன் எப்படிப் பேசினான்? சொல்லு பார்ப்போம்” என்பார். உமா எழுந்து நின்று, தோளைக் குலுக்கி, அப்படியே ஒப்பிப்பாள். ஹால் முழுக்கக் கைதட்டும். அர்த்தம் தெரியாதே என்ற கவலை அவளுக்கும் இல்லை, தட்டுகிறவர்களுக்கும் இல்லை.

இந்த நிலைமையில்தான் நாங்கள் மூவரும் மகாபலிபுரம் போகும் வழியில் இருக்கும் கோவளத்துக்குப் போனோம். அங்கே படகு வந்ததும் கரையிலேயே மீன் விற்பார்கள். சரோஜா ஒரு கூடைக்காரியோடு வஞ்சிரத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். உமாவின் கையைப் பிடித்துக்கொள்ளும் வேலை எனக்கு. ஒரு படகை ஆட்கள் தூக்கி மணலில் ஏற்றினார்கள். பார்த்தேன். கொஞ்ச நேரம்தான். திரும்பினால் என் கையில் எதுவும் இல்லை.

கடற்கரையில் குழந்தையைக் காணோம் என்றால் முதலில் எந்தப் பக்கம் பார்ப்போம்? நானும் அந்தப் பக்கம்தான் ஓடினேன். அலை வருகிறது, போகிறது. எதையும் சொல்ல மாட்டேன் என்கிறது. என் வேட்டி முட்டிவரை நனைந்துவிட்டது. ‘உமா! உமா!’ என்று அலையைப் பார்த்துக் கத்தினேன்.

“நான் படகு பக்கம் பாக்கறேன், நீங்க ரோட்டுப் பக்கம் போங்க!” என்று கத்தினாள் சரோஜா. ஓடினேன்.

பஸ் நிற்கும் இடத்தில் டீக்கடை வாசலில் ஒரு கும்பல். நடுவில் மீன்கூடையைக் கீழே வைத்துவிட்டு ஒரு பெண்மணி நின்றிருந்தார். அவர் இடுப்பில் உமா!

“உமா!” என்று கையை நீட்டினேன்.

அந்த அம்மாள் ஒரு சுற்றுச் சுற்றி, குழந்தையை மறுபக்க இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்.

“எட்ட நில்லு. யாரு நீ?”

“என் பொண்ணும்மா.”

“இன்னாது? புள்ள இங்கிலீஸ்ல பேசுது. நீ வேட்டிய கட்டிக்கினு தமிழ்ல பேசிக்கினு கீற. எப்டி உன் பொண்ணாவும்?”

“நல்லா கேளு மேரியக்கா” என்றார் டீக்கடைக்காரர். “தனியா நடந்து வந்ததுலேர்ந்து ‘வாரார், வாரார்’ங்குது. யாரு வாராரு, உங்கப்பனான்னு கேட்டா, மறுக்கா ‘வாரார்’ங்குது.”

“தண்ணி கேக்குதுங்க!” என்றேன்.

“தண்ணிய தண்ணின்னு கேக்க வேண்டியதுதான?”

இந்தக் கேள்வியைத்தான் நானும் எத்தனையோ நாளாக வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கிறேன்!

கும்பலில் ஆளுக்கு ஒரு யோசனை. பங்களாவில் தங்கியிருக்கும் வெள்ளைக்காரர்களின் குழந்தை என்றார் ஒருவர். நிறம் அப்படித் தெரியவில்லையே என்றதற்கு, “வெயில்ல கறுத்திருக்கும்” என்று அவரே சமாதானமும் சொன்னார்.

நின்றிருந்த பஸ்ஸிலிருந்து கண்டக்டர் இறங்கி வந்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியும் என்று எல்லாரும் வழி விட்டார்கள். அவர் என்னைக் காட்டி, “பாப்பா, ஹூ இஸ் திஸ் மேன்?” என்றார்.

உமா சுற்றிலும் பார்த்தாள். இத்தனை பேர் வட்டமாக நின்று தன் வாயையே பார்ப்பது அவளுக்குப் பழகிய காட்சி. முகம் மலர்ந்தது. தோளைக் குலுக்கினாள். இரண்டு கையையும் விரித்தாள்.

“ஐ ஹேவ் நெவர் ஸீன் திஸ் மேன் இன் மை லைஃப்!”

சொல்லிவிட்டுக் கைதட்டலுக்காகக் காத்திருந்தாள்.

“இன்னா சொல்லுது?” என்றார் மேரியக்கா.

கண்டக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இந்தாளை ஜென்மத்துல பாத்ததே இல்லியாம்.”

பின்னாலிருந்து ஒரு கை என் சட்டைக் காலரைப் பிடித்தது. துடுப்புப் போடுகிற கை. நான் குதிகால் தூக்கி நின்றேன். ஆபீஸில் எனக்கும் ஒரு மரியாதை உண்டு. பத்திரிகையில் பத்தி எழுதுகிறவன். அதையெல்லாம் அந்த நிலையில் எந்த மொழியில் சொல்வது?

யாரும் கைதட்டவில்லை. உமா என் காலரைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது.

“அப்பா! எங்கப்பாவ விடச் சொல்லுங்க! எங்கப்பா!”

அழுகை கிளம்பிற்றே பாருங்கள்… அசல் தாம்பரத்து அழுகை. மூக்கு வழியாக ஒரு எழுத்து வரவில்லை. காலர் கொஞ்சம் தளர்ந்தது.

ஆனால் மேரியக்கா லேசில் நம்புகிறவர் இல்லை. “பயந்துகினு சொல்லுதோ இன்னாவோ” என்றார். பிறகு உமாவின் கண்ணைத் துடைத்து, “கண்ணு, உங்கப்பா உன்ன வூட்ல செல்லமா இன்னான்னு கூப்புடுவாரு? என் காதுல மட்டும் சொல்லு” என்றார்.

உமா அவர் காதில் ரகசியமாகச் சொன்னாள்.

“இப்ப நீ சொல்லு.”

“நானும் காதில்…”

“அதெல்லாம் இல்ல. எல்லாருக்கும் கேக்கணும்.”

டீக்கடை, பஸ் ஜன்னல்கள், மீன்கூடைகள், எல்லாம் என்னையே பார்த்தன.

“மொச்சக்கொட்டை” என்றேன்.

“இன்னாது? காதுல வுழல!”

“மொச்சக்கொட்டை! என் மொச்சக்கொட்டைச் செல்லம்!”

மேரியக்கா சிரித்தார். குழந்தையை என் கையில் கொடுத்தார். அந்தக் கனம் என் தோளில் வந்து விழுந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அதுவரை வரவில்லை. மூச்சிரைக்க ஓடிவந்த சரோஜா பார்த்தது, நடுரோட்டில் கும்பலுக்கு நடுவே மொச்சக்கொட்டை என்று கத்திவிட்டு அழுதுகொண்டு நிற்கும் புருஷனை!

“கோச்சுக்காத சார்” என்றார் மேரியக்கா. “புள்ள சமாச்சாரம். வந்து கேக்கறவன்கிட்ட எல்லாம் தூக்கிக் குட்த்துட முடியுமா?”

கையெடுத்துக் கும்பிட்டேன். என்னைச் சந்தேகப்பட்டதற்காக ஒருவருக்கு நன்றி சொன்னது இதுதான் முதல் தடவை. அவர் மட்டும் சட்டென்று நம்புகிற ஜாதியாக இருந்து, எனக்கு முன்னால் வேறு எவனாவது வந்து கையை நீட்டியிருந்தால்…? அந்த வாக்கியத்தை நான் இன்னும் முடிக்கவில்லை.

ஊர் திரும்பியதும் நேரே ஞானராஜ் சார் வீட்டுக்குப் போனேன், சண்டை போடத்தான். முழுக்கதையையும் கேட்டார். சிரிப்பார் என்று நினைத்தேன். எழுந்துபோய் டி.வி.யை நிறுத்தி, பெட்டியின் மரக்கதவை இழுத்து மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“அந்த டயலாக் போன வாரம் வந்ததுதான் சார். நான்தான் அவளை மூணு தடவை சொல்லச் சொன்னேன். நல்லா சொல்றாளேன்னு…” எனக்குச் சண்டை வரவில்லை.

யோசித்துப் பார்க்கிறேன். குழந்தைகள் டி.வி.யிலிருந்து இங்கிலீஷ் கற்றுக்கொள்கிறார்கள் என்கிறோம். நிஜமா? எதைச் சொன்னால் பெரியவர்கள் சந்தோஷப்படுகிறார்கள் என்பதைத்தானே கற்றுக்கொள்கிறார்கள்? பெட்டி பேசிவிட்டுப் போய்விடுகிறது. தட்டுகிற கை நம்முடையது. இத்தனை நாள் நான் தப்பான ஆளைச் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்தேன். வாசலில் உமா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு:

“இன்னாப்பா, இம்மா நேரம்? எங்க போய்க்கினு வர?”

மூக்கு வழியாக இல்லை, அடிவயிற்றிலிருந்து. மேரியக்கா அச்சு அசல்! அரைமணி நேரம் இடுப்பில் இருந்ததற்கு இத்தனையா?

நான் சரோஜாவைப் பார்த்தேன். அவள் தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

“டி.வி.க்காவது இழுத்து மூடக் கதவு இருக்குங்க. கோவளத்துக்கு?”