மூலைக்கு வந்த சாமிகள்

எங்கள் தெருமுனையில் ஒரு காலி சைட். மைசூரின் சுத்தத்தைப் பற்றி வெளியூர்க்காரர்களிடம் வாய் ஓயாமல் பேசும் எங்கள் தெருக்காரர்கள், காலையில் வேலைக்குப் போகிற வழியில், ஸ்கூட்டரை நிறுத்தாமலேயே அங்கே குப்பைப் பையை வீசிவிட்டுப் போவார்கள். அப்படிப் பெருமை பேசுகிறவர்களில் நானும் ஒருவன்.

தெருவைப் பெருக்கிய பெண்ணுக்குச் சொந்த ஊர் கொள்ளேகால் பக்கம். நானும் அதே பக்கத்து ஹனூர்க்காரன் என்பதால் அண்ணா என்று கூப்பிடுவாள். அடுத்த முறை மாநகராட்சி அதிகாரிகள் சோதனைக்கு வரும்போது அந்த மூலையில் குப்பை கிடந்தால் ஊரின் மறுகோடிக்கு மாற்றிவிடுவதாகத் துப்புரவு மேஸ்திரி அவளை மிரட்டியிருந்தார். அவள் கணவன் படுத்த படுக்கை. பத்து மணிக்கு இங்கிருந்து ஓடிப்போய் அவனுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு வருவாள். மறுகோடிக்குப் போனால் அது நடக்காது.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நானும் என் மனைவியும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அவளோடு நின்று மூலையைச் சுத்தம் செய்தோம். மறுபடி யாரும் போடாமலிருக்க, எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். சாமி படம் போட்ட டைல்ஸ் மூன்று வாங்கி சைட்டின் மதில் சுவரில் பதித்தேன். பிள்ளையார், சாமுண்டி, மாதேஸ்வரன். பத்து நாள் ஒரு துண்டுக் காகிதம் விழவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. எதிரில் வந்தவர்களிடமெல்லாம் இது என் யோசனை என்று சொல்லிக்கொண்டேன்.

முதலில் ஒரு காய்ந்த மாலை வந்தது. பிறகு கண்ணாடி உடைந்த லட்சுமி படம். வீட்டில் வைக்கவும் ஆகாது, குப்பையில் போடவும் மனசு வராது என்கிற பழைய படங்களை அரச மரத்தடியில் விட்டுவிட்டு வருவது இங்கே வழக்கம். எங்கள் பக்கம் அரச மரம் கிடையாது. அந்தக் குறையைத்தான் நான் தீர்த்து வைத்திருந்தேன். ஆயுத பூஜை முடிந்ததும் உடைத்த பூசணியும் வாழைக்கன்றும் சேர்ந்தன. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், விரிசல் விட்ட எங்கள் வீட்டு முருகனைத் துண்டில் சுற்றி எடுத்துப்போய் நானே அங்கே வைத்தேன். குப்பைத் தொட்டியில் போடக் கை வரவில்லை.

அவள் அள்ளப் போனபோது எதிர்வீட்டு அம்மாள் சண்டைக்கு வந்தார். சாமியைக் குப்பை வண்டியில் ஏற்றக்கூடாது, குப்பை அள்ளுகிற கையால் தொடவே கூடாது என்றார். நான் எங்கள் வீட்டு கேட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் குவியலில் என் முருகனும் இருந்ததால் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வாரம் அதிகாரிகள் வந்து மூலையைப் போட்டோ எடுத்தார்கள். மறுநாளே அவளை மாற்றிவிட்டார்கள். சொல்லிக்கொண்டு போக வந்தவளிடம், மேஸ்திரியிடம் பேசிப் பார்க்கிறேன் என்று ஒப்புக்குச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை.

"குப்பையா கெடந்த வரைக்கும் நான் அள்ளிட்டிருந்தேனுங்ண்ணா," என்றாள். "நீங்க சாமியாக்கிட்டீங்க."

அந்தக் கஞ்சியை நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஓய்வு பெற்றவன், பத்து மணிக்கு எனக்கு ஒரு வேலையும் கிடையாது. சொல்லவில்லை.